ஜனவரியில் தரம் ஒன்று: பென்சில் பிடிக்காத, வெளியாளோடு கதைக்காத பிள்ளையை எப்படி ஆயத்தப்படுத்துவது?

பாலையூற்று அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு வருகிற ஜனவரியில் தரம் ஒன்று. நகரத்துக்குள் ஒரு பாடசாலையில் இடம் கிடைத்துவிட்டது. ஜனவரி 31க்குள் ஐந்து வயது பூர்த்தியாக வேண்டும் என்பது விதி. இவன் பிறந்தது ஜனவரி கடைசி வாரம். பாடசாலை தொடங்கும் அன்று இவனுக்கு ஐந்து முடிந்திருக்காது. வகுப்பிலேயே கடைக்குட்டி இவனாகத்தான் இருப்பான்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இதே ஜனவரியில்தான் தரம் ஒன்று. அவள் அ முதல் ஃ வரை எழுதுகிறாள், நூறு வரை எண்ணுகிறாள். இவனிடம் பென்சிலைக் கொடுத்தால் இரண்டு கோடு இழுத்துவிட்டுக் கீழே போட்டுவிடுவான். சாப்பாடு அம்மம்மா ஊட்டினால்தான் இறங்கும். வெளியிடங்களில் ரொய்லற் போகமாட்டான், அடக்கிக்கொண்டு வீடு வந்து சேர்வான்.

எனக்குப் பெரிய கவலை அவனுடைய வாய்தான். வீட்டில் ஓயாமல் கதைக்கிற பிள்ளை. கோணேசர் கோவிலுக்குப் போகும்போது கோட்டைக்குள் நிற்கிற மான்களோடு நின்று நின்று கதைப்பான், கூட்டிக்கொண்டு வருவதே கஷ்டம். ஆனால் முன்பள்ளி ரீச்சருக்கு இந்த வருடம் முழுக்கத் தலையாட்டல் மட்டும்தான் பதில். தெரியாத ஆள் பெயர் கேட்டால் என் பின்னால் ஒளிந்துவிடுவான்.

இவர் கட்டாரில். நான் கந்தோருக்குப் போகிறவள், மாலையில்தான் வீட்டில் இருப்பேன். டிசம்பர் லீவு முழுக்க ரியூசனுக்கு விடு, எழுத்துப் பழகிவிடுவான் என்று மாமி சொல்கிறார். விடலாமா? இருக்கிற கிழமைகளில் வேறு என்ன செய்யலாம்? பிள்ளைகளைத் தரம் ஒன்றுக்கு அனுப்பியவர்களும் படிப்பித்தவர்களும் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ரீச்சர் எழுதியது:

மகள், ரியூசனுக்கு விட வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தம்பலகாமத்திலும் பிறகு நகரத்திலும் ஆரம்பப் பிரிவில்தான் என் சேவைக்காலம் போனது, பெரும்பாலும் தரம் ஒன்று. பக்கத்து வீட்டுப் பிள்ளை எந்த மாதம் பிறந்தவள் என்று கேட்டுப் பாருங்கள். பெப்ரவரியிலோ மார்ச்சிலோ பிறந்திருந்தால் உங்கள் மகனை விடப் பத்துப் பதினொரு மாதம் மூத்தவள். நமக்குப் பதினொரு மாதம் ஒன்றுமில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது வாழ்ந்த காலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. விரல் உறுதி, ஓரிடத்தில் இருக்கும் பொறுமை எல்லாம் அந்த மாதங்களில்தான் வருகின்றன. ஒரே வகுப்பு என்பதற்காக இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள்.

தரம் ஒன்றில் முதல் நாளே கொப்பியும் பென்சிலும் வராது. தொடக்கத்தில் நடப்பது பிள்ளைகளை இனங்காணும் செயற்பாடுகள். பாட்டு, கதை, படம் வரைதல், நிறம் தீட்டல், ஓடி ஆடுதல். அதற்குள் ரீச்சர் யாருக்குக் காது மந்தம், யாருக்குப் பார்வை குறைவு, யார் கூட்டத்துக்குப் பயம், யார் இடது கை என்று பார்த்துக் குறித்துக்கொள்வார். கால்கோள் விழா வைத்து மாலை போட்டு முறையாக வரவேற்ற பிறகும் முதல் இரண்டு வருடங்களில் விளையாட்டும் செயற்பாடும்தான் கூட. மேசையில் இருந்து எழுதுவது கொஞ்சம்தான். 1999இல் நாடு முழுவதும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தோடு வந்த முறை இது. ரியூசனில் பிழையான ஓட்டத்தில் எழுதப் பழகிக்கொண்டு வரும் பிள்ளையைத் திருத்துவது, ஒன்றும் எழுதாமல் வரும் பிள்ளைக்குக் கற்பிப்பதை விடக் கஷ்டம். ட எழுத்தைக் கீழிருந்து மேலே இழுக்கும் பிள்ளைகளை வருடா வருடம் கண்டிருக்கிறேன்.

கைக்கு வேலை கொடுங்கள், பென்சில் தன்னால் வரும். இடியப்ப மாவை உருட்டட்டும், பிய்க்கட்டும். பயறும் கடலையும் கலந்து கொடுத்தால் பிரித்துப் போடட்டும். தோடம்பழம் அவனே உரிக்கட்டும். உடுப்புக்குப் பூட்டும் கொழுவிகளை விரலால் அமுக்கித் திறப்பது நல்ல பயிற்சி, அம்மம்மா உடுப்புக் காயப்போடும்போது கூட நிற்கட்டும். மழை விட்ட நேரம் உப்புவெளிக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஈரமணலில் விரலால் வட்டமும் கோடும் போட விடுங்கள். சிப்பி பொறுக்கி வரிசையாக அடுக்கி எண்ணினால் அதுவே கணிதம். நூறு தேவையில்லை, பத்துச் சிப்பியைப் பிழையில்லாமல் எண்ணினால் போதும். சோக் கட்டிகளை உடைத்துச் சின்னத் துண்டாகக் கொடுங்கள். துண்டு சின்னதாக இருந்தால் முழுக் கையாலும் பிடிக்க முடியாது, விரல் நுனியால்தான் பிடிக்க வேண்டி வரும். எழுத்துக் கேட்டானென்றால் ட, ப போதும். அவை நேர்கோட்டு எழுத்துகள். அ வளைந்து சுழிந்து போகிற எழுத்து, அது மெல்ல வரட்டும்.

இனி வாய். மகள், என்னைக் கேட்டால் தரம் ஒன்றுக்கு வேண்டிய ஆயத்தம் என்பது இது ஒன்றுதான்: தனக்கு வேண்டியதை வேறொரு பெரிய ஆளிடம் கேட்கத் தெரிவது. முப்பது பிள்ளைகளுக்கு ஒரு ரீச்சர். எழுதத் தெரியாத பிள்ளையை ரீச்சர் கவனிப்பார், ஏனென்றால் கொப்பி காட்டிக்கொடுக்கும். வயிறு வலிக்கிற, தண்ணீர்ப் போத்தல் திறக்க முடியாத, மூத்திரம் முட்டி நிற்கிற பிள்ளை வாய் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. எழுத்து நன்றாகத் தெரிந்தும் ரீச்சரிடம் கேட்கப் பயந்து காற்சட்டையை நனைத்துவிட்டு, அடுத்த நாள் வரவே மாட்டேன் என்று படலையைப் பிடித்துக்கொண்டு அழுத பிள்ளைகள் எத்தனை பேர்.

அதற்கு ஒரு வழி சொல்கிறேன். உங்கள் ஒழுங்கையில் ஒரு சின்னக் கடை இருக்கும். கந்தோரால் வந்த பிறகு அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். காசு அவன் கையில். "ஒரு தீப்பெட்டி தாங்கோ" என்று அவன்தான் கேட்க வேண்டும். கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: அவசரப்படுத்த வேண்டாம், "வாய் இல்லையோ?" என்று பகிடி பண்ண வேண்டாம். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், ஆனால் அவனுக்காகப் பேசாதீர்கள். முதலில் விரலால் காட்டுவான். சரி, கொடுக்கட்டும். பிறகு முணுமுணுப்பான். அதற்கும் கொடுக்கட்டும். சத்தமாகச் சொல் என்று நெருக்கினால் அடுத்த நாள் கடைப்பக்கமே வரமாட்டான். கடை பழகிய பிறகு, பஸ்ஸில் ரிக்கற் எடுப்பது, கோவிலில் ஐயரிடம் திருநீறு கேட்பது என்று கொஞ்சம் கொஞ்சமாக ஆளை மாற்றுங்கள்.

வீட்டில் பாடசாலை விளையாட்டு விளையாடுங்கள். அவன் ரீச்சர், நீங்களும் அம்மம்மாவும் பிள்ளைகள். "ரீச்சர், எனக்கு வெளியில போகவேணும்." "ரீச்சர், இதைத் திறந்து தாங்கோ." "ரீச்சர், எனக்குச் சுகமில்லை." இந்த மூன்றையும் நீங்கள் அவனிடம் கேளுங்கள். கேட்டுக் கேட்டு அந்த வசனம் அவன் வாயில் வந்துவிடும். மானோடு கதைக்கிற பிள்ளைக்குக் கதை இல்லாமல் இல்லை, ஆள்தான் பழக வேண்டும். வகுப்பு ரீச்சரிடம் இதை முதல் நாளே நேரில் சொல்லிவிடுங்கள். முதல் தவணை முடியும் வரையும் அங்கே ஒருவரோடும் ஒரு சொல்லும் பேசவில்லையென்றால் மட்டும், வெட்கம் என்று விட்டுவிடாமல் பிள்ளைகளுக்கான வைத்தியரிடம் ஒருதரம் காட்டுங்கள்.

ரொய்லற் விஷயம். வீட்டில் கொமோட் என்றால், பாடசாலையில் குந்தி இருக்கிற மலசலகூடமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். சொந்தக்காரர் வீடுகளில் அப்படி இருந்தால் அங்கே பழக்குங்கள். காற்சட்டைக்குக் கொக்கி வேண்டாம், இடுப்புக்கு இலாஸ்ரிக் போட்டுத் தைக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு, கொண்டு போகப் போகிற அதே பெட்டியில் இப்போதிருந்தே காலைச் சாப்பாட்டைப் போட்டு, நிலத்தில் பாய் போட்டு இருத்திச் சாப்பிட விடுங்கள். சிந்தட்டும். சொதி விட்ட இடியப்பம் வேண்டாம், கையில் எடுத்துக் கடிக்கக்கூடிய ரொட்டி, அவித்த கடலை, கதலி வாழைப்பழம் போதும். அம்மம்மாவுக்கு மனம் கேட்காது, தெரியும். அவருக்கும் சொல்லுங்கள்: இடைவேளையில் ஊட்ட அங்கே ஒருவரும் இல்லை.

கடைசியாக ஒன்று, இதை எல்லா வீட்டுக்கும் சொல்கிறேன். "பள்ளிக்கூடம் போ, ரீச்சர் அடிச்சுத் திருத்துவா" என்று விளையாட்டுக்கும் சொல்லாதீர்கள். 2005இல் கல்வி அமைச்சு சுற்றறிக்கை போட்டு உடல் தண்டனையைத் தடுத்த பிறகும் இந்தப் பேச்சு வீடுகளில் நிற்கவில்லை. பிள்ளை வந்து இறங்கும்போதே என் கையைப் பார்த்துப் பயந்து நிற்கும். அந்தப் பயம் போகவே ஒரு மாதம் எடுக்கும்.

கிண்ணியா உம்மா எழுதியது:

தங்கச்சி, ரீச்சர் எல்லாம் சொல்லிவிட்டார். சாமான் வாங்கும் விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன். என் இளைய மகள் இப்போது தரம் இரண்டு.

2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு நகரத்துக்கு வந்து போவது சுலபம் என்று, டிசம்பரிலேயே கொப்பி, பை, பெட்டி என்று வாங்கிக் குவிக்கிறவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். அவசரப்படாதீர்கள். பாடப்புத்தகம் 1980 முதலும் சீருடைத் துணி 1993 முதலும் அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது. எந்தக் கொப்பி, எத்தனை பக்கம், என்ன உறை என்பதை வகுப்பு ரீச்சர்தான் சொல்வார். அதற்கு முதல் வாங்கினால் பாதி வீண். இப்போதைக்கு ஒரு சீருடை தையுங்கள், மடிப்பு விட்டுத் தைக்கச் சொன்னால் அடுத்த வருடமும் போடலாம். ஜனவரி பிறந்துவிட்டால் தையல்காரரிடம் நிற்க இடம் இருக்காது.

எங்கள் பக்கம் ஜனவரியிலும் மாரி விடாது. ஒரு சோடிச் சப்பாத்து வாங்கும் காசில் இயலுமென்றால் இரண்டு சாதாரண சோடி வாங்குங்கள். ஒன்று நனைந்தால் பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்து வைத்தாலும் அடுத்த நாள் காலைக்கு முழுதாகக் காயாது. கயிறு வேண்டாம், ஒட்டுகிற பட்டி உள்ளதாகப் பாருங்கள். குடையைச் சின்னப் பிள்ளை காற்றில் பிடிக்க மாட்டாது, மழைக்கோட்தான் சரி. அதையும் அவனே கழற்றி மடிக்கப் பழகட்டும். தண்ணீர்ப் போத்தல், பெட்டி, மழைக்கோட், தொப்பி எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். பெயரோடு ஒரு படமும் ஒட்டினால் வாசிக்கத் தெரியாத பிள்ளையும் தன் சாமானைக் கண்டுபிடிக்கும். என் மகளுக்கு மீன் படம். உங்கள் மகனுக்கு மான் ஒட்டுங்கள்.

மற்றது, எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தொடங்க வேண்டாம். எங்கள் பக்கம் தரம் ஒன்றோடு பின்னேரக் குர்ஆன் மத்ரசாவும் சேர்ந்து தொடங்கும். பிள்ளை காலையில் ஒரு புது இடம், பின்னேரம் இன்னொரு புது இடம் என்று அலைந்து களைத்துவிடும். என் மகளுக்கு முதல் தவணை முடிந்த பிறகுதான் மத்ரசா தொடங்கினோம். அதுவரை வீட்டில் வாப்பாவோடு ஓதினாள். உங்கள் பக்கம் பண்ணிசை வகுப்பு, நடன வகுப்பு என்று ஏதும் யோசித்திருந்தால் அதுவும் ஏப்ரலுக்குப் பிறகு இருக்கட்டும்.

திருக்கடலூர் அப்பா எழுதியது:

அக்கா, எங்கள் மகளும் உங்கள் மகன் மாதிரித்தான், வெளியில் வாயே திறக்க மாட்டாள். எங்களுக்கு உதவியது சிரமதானம். பாடசாலை தொடங்குவதற்கு முதல் பெற்றோரைக் கூப்பிட்டு வளவு துப்பரவாக்குவார்கள், மழைக்குப் பிறகு நுளம்பு பெருகும், டெங்குப் பயம். மாரிக்குக் கடல் கொந்தளித்து வள்ளம் இறக்க முடியாத நேரம், நான் வீட்டில்தான் நின்றேன். அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

நான் கதிரை மேசை கழுவ, அவள் சின்ன வாளியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்தாள். குழாய் எங்கே, ரொய்லற் எங்கே, மணி எங்கே தொங்குகிறது எல்லாம் அவளுக்கு அன்றே தெரிந்துவிட்டது. அங்கே வந்த இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து இலை பொறுக்கினாள். இரண்டு பேரும் கதைக்கவில்லை, ஆனால் முதல் நாள் வகுப்பில் அந்தப் பிள்ளையைக் கண்டதும் போய்ப் பக்கத்தில் இருந்துகொண்டாள். இப்போதும் அவர்கள் இரண்டு பேரும்தான் கூட்டு. உங்கள் பாடசாலையில் சிரமதானம் எப்போது என்று அதிபரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் வளவைச் சுற்றிக் காட்டவாவது அனுமதி கேளுங்கள்.

காலையில் விட்டுவிட்டு வரும்போது சொல்லாமல் நழுவி வராதீர்கள் அக்கா. வாசலில் நின்று பார்த்துக்கொண்டும் இருக்காதீர்கள். "மணி அடிச்ச உடனே இந்த மரத்தடியில நிப்பேன்" என்று இடத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுத் திரும்பிப் போங்கள். மணி அடிக்கும்போது அந்த மரத்தடியில் கட்டாயம் ஒரு ஆள் நிற்க வேண்டும். எங்கள் பாடசாலையில் தரம் ஒன்றை 11.30க்கு விட்டுவிடுவார்கள். நீங்கள் கந்தோரில் என்றால் அம்மம்மா வருவாரா, ஓட்டோவா என்று இப்போதே முடிவெடுத்து, அந்த ஆளையே "நான்தான் நிப்பன்" என்று அவனிடம் சொல்ல வையுங்கள்.

பாலையூற்று அம்மா எழுதியது:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. மாமியிடம் ரியூசன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேற்றுக் கடைக்கும் போனோம். தீப்பெட்டியை விரலால் காட்டித்தான் வாங்கினான், ஆனால் மிச்சக் காசை அவனே கை நீட்டி வாங்கினான்.

ரீச்சர், இடது கை என்று நீங்கள் எழுதியதைப் பார்த்த பிறகு ஒன்று கேட்க வேண்டும். இவன் பந்து எறிவது, சோக் எடுப்பது எல்லாம் இடது கையால். அம்மம்மா ஒவ்வொரு முறையும் வலது கைக்கு மாற்றி வைப்பார். முன்பள்ளியிலும் மாற்றினார்களாம். பென்சிலைப் போட்டுவிடுவதற்கு இது காரணமாக இருக்குமா? மற்றது, ஐந்து வயதுத் தடுப்பூசியும் பாடசாலை தொடங்குகிற கிழமைகளில்தான் வரும். என்ன செய்வது?

ஓய்வுபெற்ற ரீச்சர் எழுதியது:

மகள், இருக்கும். பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். எடுக்கிற கையை ஒவ்வொரு முறையும் பறித்தால், எந்தப் பிள்ளையும் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு எழும்பிப் போகும். இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். அவன் எழுதும் கை இடது கை என்றால் அது அவனுக்குப் பிறவியில் அமைந்தது, கெட்ட பழக்கம் இல்லை. அம்மம்மாவுக்குச் சாப்பாட்டுக் கைதான் மனதில் உறுத்தும். சாப்பிடுவதற்கு வலது கையைப் பழக்கலாம், அதில் ஒன்றும் கெட்டுப் போகாது. எழுதும் கையை மட்டும் தொட வேண்டாம்.

தமிழை இடமிருந்து வலமாக எழுதுவதால் இடது கைப் பிள்ளை எழுதிய எழுத்தைத் தன் கையாலேயே மறைத்துக்கொண்டு போகும். அதனால் தாளை நேராக வைக்காமல் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி, மேல் விளிம்பு வலப்பக்கம் சாய்கிற மாதிரி வையுங்கள். பென்சிலை முனையில் இருந்து சற்று மேலே தள்ளிப் பிடிக்கட்டும், எழுதுவது கண்ணுக்குத் தெரியும். வாங்கில் இடது ஓரத்தில் இருத்தும்படி வகுப்பு ரீச்சரைக் கேளுங்கள். நடுவில் இருந்தால் பக்கத்துப் பிள்ளையின் வலது முழங்கையும் இவன் இடது முழங்கையும் இடித்துக்கொண்டே இருக்கும், சண்டைதான் வரும். கத்தரிக்கோல் வேலை அவனுக்குப் பிந்தித்தான் வரும். கடைகளில் கிடைக்கிற கத்தரிக்கோல் வலது கைக்குச் செய்தது, ஆகவே அதில் அவசரம் வேண்டாம். தாளைக் கையால் கிழித்து ஒட்டட்டும்.

தடுப்பூசி ஐந்து வயது பூர்த்தியானதும் போடுவது, போலியோச் சொட்டு மருந்தும் அதோடுதான். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கிளினிக் நாளைக் கேட்டு, முடிந்தால் வெள்ளிக்கிழமையை ஒட்டிய ஒரு நாளாகப் பாருங்கள். கை வலித்தாலும் காய்ச்சல் காய்ந்தாலும் சனி ஞாயிறு வீட்டில் கிடப்பான். வளர்ச்சிப் பதிவேட்டைத் தொலைக்காமல் வையுங்கள், பாடசாலையில் தரம் ஒன்றுக்கு மருத்துவப் பரிசோதனை செய்ய வரும்போதும் கேட்பார்கள்.

கடைக்கு நாளைக்கும் போங்கள். தீப்பெட்டி வேண்டாம், இம்முறை கடைக்காரர் இரண்டு நிறத்தில் வைத்திருக்கிற ஏதாவது ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள். எந்த நிறம் வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்பார், அப்போது விரல் போதாது.